தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

கதவை டெலிவரி செய்துவிட்டோம் என்று கடைக்காரர் சாதித்தார். இல்லை என்று நான் சாதித்தேன். கதவு என்னவோ வீட்டில் நின்றுகொண்டுதான் இருந்தது, பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டு, நிலைக்குச் சுற்றிலும் சிமெண்ட் பூசிக்கொண்டு. அப்புறம் என்ன சண்டை என்று கேட்பீர்கள். கடையில் நின்றவர்களும் அதையேதான் கேட்டார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அண்ணன் எனக்கு வைத்திருக்கும் பேரே பட்டாசு. நான் எதற்குக் கத்தினாலும் பட்டாசு வெடிக்கிறது என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எதற்கு வெடிக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அப்பா போகும்போது வீட்டை இரண்டாகப் பிரித்து எழுதிவைத்துவிட்டுப் போனார். தெருவைப் பார்த்த முன்பாதி அண்ணனுக்கு, பின்சந்தைப் பார்த்த பின்பாதி எனக்கு. நான் புருஷன் வீட்டை விட்டு வந்தவள். 'வந்தவள்' என்றுதான் இன்னும் சொல்கிறார்கள், வந்து தலைமுடி பாதி நரைத்த பிறகும். என் பாதியில் ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை. அறை பூராவும் துணிக்கட்டு. ஆஸ்பத்திரிகளுக்குத் தலையணை உறையும் படுக்கை விரிப்பும் தைத்துக் கொடுக்கிறேன். தையல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் பாயைப் போட்டுப் படுக்கிறேன்.

இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. கதவு கிடையாது, ஒரு திரைச்சீலை மட்டும். அந்தப் பக்கம் வழியை ஒட்டினாற்போல் அம்மாவின் கட்டில். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அம்மா எழுந்து நடப்பதில்லை. புரட்டிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, துணி மாற்றுவது, வாயில் ஊட்டுவது எல்லாம் நான்தான். அண்ணி நல்லவள், ஒன்றும் சொல்வதற்கில்லை. அவளுக்கு வாடை மட்டும் ஆகாது.

திரைச்சீலை எனக்குப் போதுமாகத்தான் இருந்தது. ஆனால் அது அண்ணனுக்குக் கண்ணில் படவே படாது. அவருடைய பழைய டயர், உடைந்த மின்விசிறி, அண்ணியின் உபயோகமில்லாத பாத்திரம் என்று ஒவ்வொன்றாக என் பக்கம் வந்து சேரும். கேட்டால், "இங்க சும்மாதானே கிடக்கு" என்பார். ஒருநாள் நான் குளித்துவிட்டு வந்து புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். திரையை விலக்கிக்கொண்டு அண்ணனுடைய சிநேகிதன் ஒருத்தன் வந்து நின்றான், கையில் காலி சொம்போடு. தண்ணீர் தேடி வந்தானாம். நான் போட்ட கூச்சலில் அவன் சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். அதற்கும் அண்ணன் என்னைத்தான் திட்டினார்.

"அவன் என்ன, புலியா சிங்கமா? இப்படியா மானத்த வாங்குவ?"

"மானம் போனது எனக்குண்ணா."

"திரைதான் போட்டிருக்கே. சேர்த்து மூடிக்க வேண்டியதுதானே."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கதவு வைத்தே தீருவது என்று. அம்மாவிடம் சொன்னபோது முகம் சுருங்கிப்போனது.

"ஒரே வீட்டுக்குள்ள கதவா? அப்பறம் நான் கூப்பிட்டா நீ எப்படி வருவ?"

"தாழ்ப்பாள் என் பக்கம்தாம்மா இருக்கும். நீ ஒரு குரல் கொடு, திறந்துக்கிட்டு வந்துடுவேன். நீ கூப்பிட்டு நான் எப்பம்மா வராம இருந்திருக்கேன்?"

அம்மா திரைச்சீலையைப் பார்த்தாள்.

கதவுக் கடை பெரிய தெருவின் கோடியில் இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் பட்டறை. கடைக்காரர் என்னைவிட மூத்தவர், ஆனாலும் படியேறி வருகிற பெண்கள் எல்லாரும் அவருக்கு அக்காதான். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே மேஜையில் தேடிக்கொண்டிருப்பார். அவரிடம் ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னேன், படித்துப் படித்துச் சொன்னேன். தாழ்ப்பாள் என் பக்கம், பின்பக்கம். நான் போன் செய்து வரச்சொன்னால்தான் கொண்டுவர வேண்டும். நான் வீட்டில் இல்லாதபோது வரவே கூடாது.

"கவலையே படாதீங்கக்கா. நீங்க போன் பண்ணாம வண்டி கிளம்பாது. நம்ம கடையில சொன்னா சொன்னதுதான்."

சொன்னா சொன்னதுதானாம்! தைத்து முடித்த உறைகளைக் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து வண்டி வந்துவிட்டுப் போயிருக்கிறது. சாயங்காலம் சந்துப் பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தேன். திரைச்சீலை என் பாயின்மேல் சுருண்டு கிடந்தது. திரை தொங்கிய இடத்தில் பச்சையாக ஒரு இரும்புத் தகடு. தகடு என்றுதான் சொல்ல வேண்டும். என் பக்கம் ஒரு கைப்பிடி இல்லை, ஒரு கொக்கி இல்லை, ஒரு திருகாணிகூட இல்லை. கையை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. தட்டினேன். அண்ணி நிதானமாக வந்து, டக்கென்று அந்தப் பக்கத் தாழ்ப்பாளை நீக்கித் திறந்தாள்.

"வந்துட்டீங்களா? கதவு நல்லாத்தான் இருக்கு. பூனை உள்ள வருது பாருங்க, அதான் தாழ்ப்பாள் போட்டு வெச்சேன்."

எங்கள் வீட்டுக்குப் பூனை வந்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் வந்ததும் பிடித்துக்கொண்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு சாவதானமாகப் பதில் சொன்னார்.

"நான் காலையிலயே வேலைக்குப் போயிட்டேன். நீ சொல்லி வெச்ச கதவு, நீ சொன்ன கடை. என்னை எதுக்கு இழுக்கற?"

"தாழ்ப்பாள் எப்படி உங்க பக்கம் வந்துச்சு? காத்துல பறந்து வந்துச்சா?"

"எனக்கென்ன தெரியும்? வந்தது வந்துடுச்சு, இருந்துட்டுப் போகட்டும் விடு. என் வீட்டுப் பக்கம் இருக்கறத எடுக்கச் சொல்ல உனக்கு என்ன உரிமை?"

வந்த நிமிஷமே அது அவருடைய வீட்டுத் தாழ்ப்பாள் ஆகிவிட்டது. அம்மா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக் குரலைத் தணித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கடையில் போய் நின்றேன்.

"என் கதவு எங்கே?"

கடைக்காரர் கண்ணாடியைத் தேடினார். "நேத்தே மாட்டியாச்சேக்கா."

"நான் கேட்டது என் பக்கம் தாழ்ப்பாள் வெச்ச கதவு. அது இன்னும் வரல. நான் போன் பண்ணாம எப்படி வந்தீங்க?"

"வண்டி அந்தப் பக்கமாப் போச்சு. இன்னொரு நடை எதுக்குன்னு பசங்க இறக்கிட்டாங்க. உங்க நல்லதுக்குத்தான்."

"என் நல்லதுக்கா? நானும் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கறவதாங்க. குழந்தைங்க வார்டு விரிப்ப பிரசவ வார்டுல போட்டுட்டு, கொடுத்தாச்சுன்னு நான் வந்துட முடியுமா? சொன்ன ஆள் கையில சொன்னபடி சேர்ந்தாத்தான் டெலிவரி."

அவர் குரலைத் தாழ்த்தினார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை, சின்னக் குழந்தைக்குப் புரியவைக்கிற மாதிரி பேசினார். "இங்க பாருங்கக்கா. எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. ஆள் புழங்கற ரூம்னா தாழ்ப்பாள் உள்பக்கம். சாமான் போட்டு வைக்கிற ரூம்னா வெளிப்பக்கம். எழுதி வெச்சது மறந்தாலும் இது பசங்களுக்கு மறக்காது. அங்க போய்ப் பார்த்திருக்காங்க. துணிமூட்டை, டயர், ஒடஞ்ச ஃபேன். வீட்டு ஆளுங்களையும் கேட்டிருக்காங்க. சாமான் ரூம்தான்னு சொன்னாங்களாம். அதுக்கேத்த மாதிரி திருப்பி நிறுத்திட்டாங்க."



"யாரு சொன்னது?"

"வீட்டு ஆளுங்கதான். யாருன்னு நான் என்னத்தக் கண்டேன்."

யாரென்று அவருக்கு வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம், எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். வேலைக்குப் போயிட்டேன் என்று என் காதில் பூச்சுற்றிய மகராசன்தான், வேறு யார்? அந்த டயரையும் ஃபேனையும் அங்கே கொண்டுவந்து போட்டவரும் அவர்தானே. நான் தின்று தூங்கி எழுந்து, ராப்பகலாக மிஷினை மிதித்து உயிர்வாழ்கிற இடம் சாமான் அறையாம்.

"அப்ப நான் யாருங்க? சாமானா?"

"ஐயோ, அப்படிச் சொல்வேனா? சிமெண்ட் இறுகிடுச்சுக்கா. இனிமே உடைச்சாத்தான் உண்டு. வேணும்னா உங்க பக்கமும் ஒரு தாழ்ப்பாள் வெச்சுத் தரச் சொல்றேன், ஆளுக்கொன்னு."

"அவங்க பக்கம் ஒன்னு இருக்கற வரைக்கும் என் பக்கம் பத்து இருந்தும் என்ன பிரயோஜனம்? அங்க எங்கம்மா படுத்திருக்காங்க. நான் நினைச்ச நேரம் போகணும். அதுக்குத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

அவர் கையை விரித்தார். நான் திரும்பி வந்தேன். ஆனால் விடுகிற ஜாதியா நான்? வீட்டில் நடந்ததும் அப்படித்தான் இருந்தது, விட முடியாதபடி. அண்ணிக்குத் தாழ்ப்பாள் ஒரு விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. அம்மா கூப்பிடும் குரல் கேட்கும். நான் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிப்போய்த் தட்டுவேன். அண்ணி டிவியில் விளம்பரம் வரும்வரை எழுந்திருக்க மாட்டாள். சில சமயம் கோபம் பொத்துக்கொண்டு வந்து, சந்து வழியாகக் கிளம்பி, வரிசை வீடுகளைச் சுற்றி, தெருவுக்கு வந்து, முன்வாசல் வழியாக விருந்தாளி மாதிரி உள்ளே போவேன். அதற்குள் அம்மா நனைந்து கிடப்பாள். "சுத்தி வந்தியா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். துணியை மாற்றுவேன்.

மறுபடியும் கடைக்குப் போனேன். இந்தத் தடவை கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். கல்யாணம் ஆகப்போகிற ஒரு ஜோடி, புது வீட்டுக்குக் கதவு பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணிடம் நேராகப் போய்ப் பேசினேன்.

"நல்லா பார்த்து வாங்கும்மா. தாழ்ப்பாள் எந்தப் பக்கம்னு இவங்களாவே முடிவு பண்ணிடுவாங்க. உன்னைச் சாமான்னு நினைச்சுட்டாங்கன்னா வெளிப்பக்கம் வெச்சுடுவாங்க."

மாப்பிள்ளை சிரித்தான். பெண் சிரிக்கவில்லை. கடைக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"ஆளை அனுப்பறேன் தாயே. சிமெண்ட்ட உடைச்சு, கதவத் திருப்பி, மறுபடியும் பூசித் தரச் சொல்றேன். கடையில வந்து கத்தாதீங்க."

அக்கா போய்த் தாயாகிவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்: கதவு திரும்புகிறது, நீங்கள் வாயைத் திறந்தால் அந்தச் சொம்புச் சிநேகிதன் கதையைத் தெருவில் நின்று சொல்வேன் என்று. அவர் "என்னமோ பண்ணித் தொலை" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

முதலில் மாட்டிய அதே ஆட்கள்தான் வந்தார்கள், ஒரு நெட்டையன், ஒரு குட்டையன். உளி, சுத்தியல், சாந்துச் சட்டி எல்லாவற்றையும் என் பக்கம் இறக்கினார்கள். துணிக்கட்டுகளைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தேன். நெட்டையன் என் பாயையும், அடுப்பையும், கொடியில் காய்ந்த என் ரவிக்கையையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"மன்னிச்சுக்குங்கக்கா. அன்னைக்கு இதெல்லாம் கண்ணுல படல. திரையை லேசா விலக்கிப் பார்த்தோம், மூட்டையாத் தெரிஞ்சுது."

"உங்க மேல தப்பில்லப்பா. சொன்னவரைச் சொல்லணும். அண்ணன்னு பேரு."

அவன் குட்டையனைப் பார்த்தான். குட்டையன் உளியைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"ஆம்பளைங்க யாரும் இல்லையேக்கா. கதவத் திறந்துவிட்ட அக்கா, 'எனக்கு ஒன்னும் தெரியாது, அத்தையக் கேளுங்க'ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. கட்டில்ல இருந்த பெரியம்மாவத்தான் கேட்டோம். அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களான்னு. 'யாரும் இல்லப்பா, சாமான்தான் கிடக்கு'ன்னாங்க."

நான் அவனைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவன் திரும்பவும் அதையே சொன்னான், வார்த்தை மாறாமல்.

கதவு அப்போது திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் போனேன். அம்மா முழித்துக்கொண்டுதான் இருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"அப்படியாம்மா சொன்ன?"

அம்மா கூரையைப் பார்த்தாள்.

"நான் சாமானாம்மா?"

"கத்தாதடி. உன் பக்கம் தாழ்ப்பாள் வெச்சா, அவன் கட்டியாளற வீட்ல அவனுக்கே வழி இல்லாமப் போயிடும். ஆம்பளை மனசு என்ன பாடுபடும்? நாளைக்கு அவன்தானே எனக்குக் கொள்ளி வைக்கணும்."

"அப்ப நான்? என் மனசு?"

"உனக்கென்ன." அம்மா இப்போதுதான் என்னைப் பார்த்தாள். குரலில் துளிக்கூடப் பொல்லாப்பு இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "நீ எங்க போயிடப் போற? நீ எப்படியாவது சுத்தி வந்துடுவ."

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. வெடிக்கிற மருந்தெல்லாம் நமுத்துப் போய்விட்டது. நான் என் பக்கம் திரும்பி வந்தேன். நெட்டையன் உளியை நிலையின்மேல் வைத்து, சுத்தியலை ஓங்கியபடி என் வார்த்தைக்குக் காத்திருந்தான்.

"உடைக்க வேண்டாம்பா."

"அக்கா?"

"கதவு இருக்கற மாதிரியே இருக்கட்டும். என் பக்கம் ஒரு தாழ்ப்பாள் வை. நல்ல கனமானதா வை."

"அதுக்கா இவ்ளோ சண்டை போட்டீங்க? ஓனர் கேட்டா என்ன சொல்றது?"

"டெலிவரி ஆயிடுச்சுன்னு சொல்லு."

அவர்கள் துளை போட்டுத் தாழ்ப்பாளை முடுக்கிவிட்டுப் போனார்கள். நான் அதைத் தள்ளிப் போட்டேன். அண்ணி அந்தப் பக்கத் தாழ்ப்பாளைப் போடும் சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு வேளாவேளைக்குச் சந்து வழியாகச் சுற்றிப் போய் அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு பதிலைத் தீட்டி வைத்திருந்தேன். என்றைக்காவது அம்மா கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யார் அங்கே என்று கேட்பாள். அப்போது சொல்வேன், "யாரும் இல்லம்மா, சாமான்தான் கிடக்கு" என்று. மிஷினை மிதிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். நினைக்கும்போதே தித்திப்பாக இருக்கும்.

ஒரு மத்தியானம் உறைகளுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் டமாலென்று ஏதோ விழுந்தது. கட்டில் பக்கத்து ஸ்டூலாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம், கனமாக. மிஷினை நிறுத்தினேன். அண்ணி குரல் ஏதாவது வருகிறதா என்று காதைத் தீட்டினேன். வரவில்லை. சந்து வழியாக ஓடினேன். வரிசை வீடுகளைச் சுற்றி, செருப்பில்லாத காலோடு தெருவுக்கு வந்தேன். முன்வாசலில் பூட்டுத் தொங்கியது. இரண்டு பேரும் கிளம்பிப் போயிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். பட்டாசோடு யார் பேசுவது? அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அண்ணிக்குச் செய்தேன். அந்தப் போன் வீட்டுக்குள்ளேயே அடித்தது.

வந்த வழியே திரும்ப ஓடி வந்தேன். என் பக்கத் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தேன். தோளை வைத்துத் தள்ளினேன். கதவு அசையவில்லை. நல்ல கதவு. கடைக்காரர் அந்த விஷயத்தில் ஏமாற்றவில்லை. மிஷினுக்கடியில் கிடந்த என் சுத்தியலை எடுத்துத் தாழ்ப்பாள் இருக்கும் இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து அடித்தேன். பச்சைப் பெயின்ட்தான் உதிர்ந்தது.

நான் அடிப்பதை நிறுத்தியபோது அம்மாவின் குரல் கேட்டது. கட்டிலின் உயரத்திலிருந்து இல்லை, தரையிலிருந்து, கதவின் அடி இடுக்கு வழியாக.

"யாரு... அந்தப் பக்கம் யாரு?"

நான் தீட்டி வைத்திருந்த பதில் நாக்கு நுனிக்கு வந்தது. தரையில் முகம் வைத்துப் படுத்தேன். இடுக்கில் அம்மாவின் நரைமுடி கொஞ்சம் தெரிந்தது.

"நான்தாம்மா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வந்தது. பயமெல்லாம் போய்விட்ட பெருமூச்சு.

"நீதானா? அப்பறம் ஏண்டி அங்கயே நிக்கற? வா."